பொடி ஏன் சிவந்தது

குழாய் உடைந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. கடிகார முள் ஒரு தடவை நகர்ந்த மாதிரி 'டிக்' என்று கேட்டது, அவ்வளவுதான். முழங்கை நீளக் குழாய் கழுவுதொட்டியின் விளிம்பில் பட்டு மூன்று துண்டாகக் கிடந்தது. ஈர ஸ்பாஞ்சைக் கையில் பிடித்தபடி நுரை அப்படியே நின்றாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. அறையில் வேறு யாரும் இல்லை.

நுரை என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. இந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எவ்வளவு சோப்பு ஊற்றுவது என்று தெரியாமல் அரை பாட்டிலைக் கவிழ்த்துவிட்டாள். நுரை தொட்டியைத் தாண்டி, கதவைத் தாண்டி, நடைவழி முழுக்க நடந்து, படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தது. மின்வேலை பார்க்கிறவர்தான் பேண்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு வந்து, "யாரும்மா இது, வரும்போதே கடலையும் கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அவருடைய பெயரும் அப்படி ஒட்டினதுதான். எது ஓடாவிட்டாலும் போய்ப் பார்ப்பதற்கு முன்னாலேயே "பியூஸ் போயிருக்கும்" என்பார். அதனால் அவர் பியூஸ்.

உடைந்தது வெறும் குழாய் என்றால் பரவாயில்லை. அது மேடத்தின் குழாய்.

மேடம் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கினவர். கையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும், அதன் முனையில் எப்போதும் பல் தடம் இருக்கும். துணிக்குச் சாயம் போடும் ஆலையிலிருந்து வருகிற சிவப்புக் கழிவுநீரை வெளிச்சத்தை வைத்துச் சுத்தம் பண்ண முடியுமா என்று இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உயரமான கண்ணாடித் தொட்டி ஒன்று. அதில் சிவப்புத் தண்ணீர். தண்ணீரில் ஒரு வெள்ளைப் பொடி, சுவருக்கு அடிக்கிற பெயிண்டில் வெள்ளைக்காகக் கலக்கிற அதே டைட்டானியம் பொடி. நடுவில், அடி மூடின ஒரு கண்ணாடிக் குழாயை இறக்கி, அதற்குள் புற ஊதா விளக்கு. தண்ணீர் விளக்கைத் தொடாமல் குழாய் காக்கும், வெளிச்சம் குழாயைத் தாண்டிப் போய்ப் பொடியைத் தொடும்.

சேர்ந்த புதிதில், சிவப்பாக உள்ளே போன தண்ணீர் ஒரு மணி நேரத்தில் குடிதண்ணீர் மாதிரி தெளிந்து வெளியே வந்ததைப் பார்த்து நுரைக்கு வாயே மூடவில்லை.

"கலர் எங்க போச்சு மேடம்?"

எல்லோரும் மேடத்திடம் 'எத்தனை சதவீதம்' என்றுதான் கேட்பார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை போல. பேனாவை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்.

"முதல்ல சாயம் போய்ப் பொடி மேல ஒட்டிக்கும். வெளிச்சம் பட்டதும் பொடிக்குப் பல்லு முளைக்குதுன்னு வச்சுக்க. ஒட்டினதைக் கடிச்சுத் துண்டு துண்டாக்கும். அந்தத் துண்டையும் கடிக்கும். கடைசில கொஞ்சம் காத்து, கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் உப்பு. அவ்வளவுதான் மிச்சம்."

"பொடி தேயாதா?"

"தேயாது. அதுதான் அதோட அழகு. கடிச்சு முடிச்சிட்டு அடுத்ததுக்குத் தயாரா நிக்கும். உன்னை மாதிரி."

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை அந்தக் குழாயைக் கழற்றி, மேலே படிந்த மெல்லிய படலத்தைத் துடைத்து மாட்டும் பொறுப்பு நுரைக்கு வந்தது. அவள் அதைக் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரிதான் பிடிப்பாள். இன்றைக்கும் அப்படித்தான் பிடித்தாள். தொட்டி விளிம்பில் போட்டிருக்கும் ரப்பர் விரிப்பை மட்டும் காயவைக்க எடுத்திருந்தாள்.

ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்து வேலையில் சேர்ந்து ஐந்து மாதமும் மூன்று வாரமும் ஆகிறது. சோதனைக் காலம் ஆறு மாதம். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் மேடம் ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இங்கேயே இருக்கலாம். போடாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். படிவம் மேடத்தின் மேசையில், இடதுபக்க இழுப்பறையில் இருந்தது. அது நுரைக்குத் தெரியும். தினமும் அந்த மேசையைத் துடைப்பவள் அவள்தானே.

அவள் அம்மாவுக்கும் தெரியும். தினமும் காலையில் போனில் அம்மாவின் குரல் ஒன்று வந்து கிடக்கும். "பாப்பா, கையெழுத்து ஆச்சா? சாப்பிட்டியா? அந்தம்மாகிட்ட முகத்தைத் தூக்கி வச்சுக்காம நாலு வார்த்தை பேசு." பஸ்ஸில் போகும்போதே இவளும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பதில் சொல்லி அனுப்புவாள். "ஆயிடும்மா. சாப்பிட்டேன்மா. பேசறேன்மா."

மூன்று சில்லுகளையும் பழைய கைத்துண்டில் சுற்றித் தன் அலமாரிக்குள் வைத்தாள். அப்போதுதான் அலமாரிக்கு மேலே, பரணில், அச்சு அசலாக அதே மாதிரி இன்னொரு குழாய் படுத்திருப்பது கண்ணில் பட்டது. அதே நீளம், அதே பருமன், அதே மூடின அடி. தொட்டியைப் புதிதாகச் செய்தபோது எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பதற்காகச் செய்து வாங்கின குழாய் அது. யாரோ தூக்கிப் போட மனமில்லாமல் மேலே வைத்திருந்தார்கள்.

நாற்காலி போட்டு ஏறி எடுத்தாள். கழுவினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பளிங்கு மாதிரி இருந்தது. குழாய் என்றால் தண்ணீர் உள்ளே வராமல் காக்க வேண்டும், வெளிச்சம் வெளியே போக வேண்டும். இது இரண்டையும் செய்யும். மாட்டினாள். பியூஸ் வந்து விளக்கை இறக்கினார், சுவிட்சைப் போட்டார். எப்போதும் போல நீலமாக எரிந்தது.

"என்ன நுரை, முகம் வெளுத்துக் கிடக்கு? காலையில சாப்பிடலையா?"

"சாப்பிட்டேன் அண்ணே."

மத்தியானம் மேடம் சிவப்புத் தண்ணீரை ஊற்றி ஓட்டினார். ஒரு மணி நேரத்தில் தெளிந்தது. நுரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குழாய்க்குக் குழாய் சரியாகப் போச்சு, அடுத்த வாரம் எப்படியாவது சொல்லிவிடலாம், கையெழுத்து ஆனதும் சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் ஒரு நாளும் குறித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தெளிய ஒன்றரை மணி நேரம் ஆனது. புதன்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டியும் தண்ணீரில் மெல்லிய இளஞ்சிவப்பு மிச்சம் நின்றது. புதன் மத்தியானம் சிவப்பு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

மேடம் பேனாவைக் கடித்தே இரண்டாக்கிவிடுவார் போல இருந்தது. ஒரே பொடியை மறுபடி மறுபடி எத்தனை தடவை ஓட்டலாம் என்பதுதான் சோதனையே. முப்பது தடவையாவது ஓடினால்தான் ஆலைக்காரர்கள் பெரிய தொட்டி கட்டுவார்கள். போன வாரம் வரைக்கும் ஒன்பது தடவை ஒரு குறையும் இல்லாமல் ஓடின பொடி, பதினொன்றாவதிலிருந்து நொண்ட ஆரம்பித்துவிட்டது.

"விளக்கு போயிருக்கும்" என்றார் பியூஸ், வழக்கத்துக்கு மாறாக.

விளக்கைக் குழாயிலிருந்து வெளியே எடுத்து, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, புற ஊதா மீட்டரை எதிரே காட்டிப் பார்த்தார்கள். அளவு புது விளக்கு மாதிரி காட்டியது. தண்ணீரின் புளிப்பு அளவைப் பார்த்தார்கள். சரி. கலக்கியைப் பார்த்தார்கள். சுற்றியது. மேடம் பொடி விற்ற கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தின சத்தம் கழுவும் அறை வரைக்கும் கேட்டது.

"பொடி களைச்சுப் போச்சு" என்று கடைசியில் சொன்னார். "வேற காரணமே இல்லை. நாளைக்கு நாலு மணிக்கு அறிக்கை அனுப்பிடறேன். வெள்ளிக்கிழமை ஆலைக்காரங்க வந்து உட்கார்ந்துக்கிட்டு 'ஏன்'னு கேக்கறதுக்கு முன்னாடி நானே 'வேண்டாம்'னு சொல்லிடறது மேல்."

"ரெண்டு வருஷம் மேடம்" என்றார் பியூஸ்.

"எனக்கும் எண்ணத் தெரியும்."

வியாழக்கிழமை காலை. தொட்டியில் தெளிய விட்டிருந்த தண்ணீரை மேலாக வடித்துவிட்டு, அடியில் உட்கார்ந்த பொடியை ஒரு குடுவையில் சேர்க்கச் சொல்லியிருந்தார் மேடம். நுரை வடித்தாள். அடியில் பொடி தெரிந்ததும் கை நின்றது.

பொடி சிவந்திருந்தது. வெள்ளைச் சட்டையைச் சிவப்புத் துண்டோடு சேர்த்து ஊறப்போட்டால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம்.

போன வாரமும் இதே பொடியை இவள்தான் வடித்தாள். ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் அது மாவு மாதிரி வெள்ளையாகத்தான் இருந்தது. இந்த வாரம் அடிவரை வடிக்காமலேயே ஓட்டினதால் யாரும் அதைப் பார்க்கவில்லை. நாள் முழுக்கக் கழுவுகிறவளுக்குக் கறை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

'ஒட்டிக்கும், அப்புறம் கடிக்கும்' என்றுதானே மேடம் சொன்னார். ஒட்டியிருக்கிறது. கடிக்கவில்லையா?

ஒரு சிட்டிகைப் பொடியைச் சோதனைக் குழாயில் போட்டு, பாத்திரம் துலக்க வைத்திருக்கும் சோடா உப்புத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கினாள். கொஞ்ச நேரம் வைத்தாள். பொடி கீழே இறங்கியது, வெளுப்பாக. மேலே நின்ற தண்ணீர் சிவப்பாக. சாயம் எங்கேயும் போகவில்லை. முழுசாக, ஒரு பல் தடம் கூடப் படாமல் பொடிமேல் உட்கார்ந்திருந்திருக்கிறது. முதல் நாள் தண்ணீர் தெளிந்ததெல்லாம் சுத்தமானதால் இல்லை. பொடியில் ஒட்ட இடம் இருந்தது, சாயம் போய் ஒட்டிக்கொண்டது. இடம் தீர்ந்ததும் தண்ணீரிலேயே நின்றுவிட்டது.

அப்படியென்றால் பொடி களைக்கவில்லை. பொடிக்குப் பல் முளைக்க வைக்கிறது எதுவோ அது போய்ச் சேரவில்லை. வெளிச்சம்.

ஆனால் விளக்கு நன்றாகத்தான் இருக்கிறது, மீட்டரே சொன்னது. மீட்டரைக் காட்டியபோது விளக்கு குழாய்க்கு வெளியே இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

திங்கட்கிழமைக்கும் அதற்கு முந்தின வாரத்துக்கும் நடுவில் மாறின பொருள் ஒன்றே ஒன்றுதான். அதை மாற்றின ஆளும் ஒரே ஒருத்திதான்.

அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குப் பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் கொஞ்சம் தாமதமாக. அதற்கு முன்னால் 'எப்படி?' என்ற கேள்வி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டது. குழாய் கண்ணாடி மாதிரி இல்லை, கண்ணாடியேதான். வெளிச்சம் அதைத் தாண்டி வருகிறது, நீலமாகத் தெரிகிறது, அவள் கண்ணாலேயே பார்த்தாள். பிறகு என்ன வரவில்லை?

மேடம் கூட்டத்துக்குப் போயிருந்தார். லேபின் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. உள்ளே சின்னப் புற ஊதா விளக்கு, மேலே பார்க்கிற துளை. வெள்ளையாகப் பூசின ஒரு தகட்டை அதற்குள் வைத்தால் முழுக்கப் பச்சையாக ஒளிரும். புற ஊதா படுகிற இடம்தான் ஒளிரும், படாத இடம் கறுப்பாக நிற்கும். கலவைகளைப் பிரித்துப் பார்க்க மேடம் பயன்படுத்துவது. தீர்ந்த தகடுகளைக் குப்பையில் போடுவது நுரையின் வேலை, அதனால் ஒரு தகடு எடுப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

தகட்டின்மேல் ஒரு சோதனைக் குழாயைப் படுக்க வைத்தாள். அலமாரியைத் திறந்து, துண்டைப் பிரித்து, உடைந்த குழாயின் ஒரு சில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். வெளியே பார்த்தபோது இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்குள்ளும் தகடு தெளிவாகத் தெரிந்தது. பெட்டியை மூடினாள். விளக்கைப் போட்டாள். துளையில் கண்ணை வைத்தாள்.

தகடு பச்சையாக ஒளிர்ந்தது. சோதனைக் குழாய் கிடந்த இடம் கரி பூசின மாதிரி கறுப்பு. சில்லு கிடந்த இடம் பச்சை. சில்லு அங்கே இருப்பதே தெரியவில்லை, அதன் ஓரம் மட்டும் மெல்லிய கோடாக நின்றது.

பெட்டியைத் திறந்து திறந்து மூடினாள். சில்லை நகர்த்திப் பார்த்தாள், பச்சை. குழாயை நகர்த்தினாள், கறுப்பும் கூடவே நகர்ந்தது. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துப் பார்த்தாள், இரண்டு கறுப்பு வட்டம். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை எல்லாம் இந்தச் சாதாரணக் கண்ணாடி விட்டுவிடுகிறது. பொடிக்குப் பல் முளைக்க வைக்கிற வெளிச்சத்தை மட்டும் வாசலிலேயே பிடித்து நிறுத்திவிடுகிறது. உடைந்தது வேறு ஜாதிக் கண்ணாடி.

"உள்ள என்ன சினிமா ஓடுதா?"

தூக்கிவாரிப்போட்டது. பியூஸ் பின்னால் நின்றிருந்தார். துளையில் கண் வைத்துப் பார்த்தார். பெட்டியைத் திறந்து சில்லை எடுத்தார், விரலால் ஓரத்தைத் தடவினார். பிறகு நேராக அவள் அலமாரியைப் பார்த்தார். கதவு திறந்திருந்தது, பழைய துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"குவார்ட்ஸ் கண்ணாடி" என்றார் மெதுவாக. "எப்போ?"

"திங்கக்கிழமை அண்ணே."

"தொட்டியில இப்ப இருக்கிறது?"

"மேல பரண்ல இருந்தது."

பியூஸ் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சிரித்தாரா பெருமூச்சு விட்டாரா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது.

"நாலு நாளா அந்தம்மா எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தாச்சு. என்னையும் பிரிக்காததுதான் பாக்கி. சரி, கேளு. ஸ்டோர்ல ஒரு குவார்ட்ஸ் ஸ்பேர் இருக்கு. சாவி எங்கிட்ட இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. சத்தமில்லாம மாத்திடலாம். இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க மேடம்னு நான் சொல்றேன். பொடி எழுந்து உட்காரும். அறிக்கை நிக்கும். உன் காகிதத்துல கையெழுத்தும் விழும்."

அந்த அஞ்சு நிமிஷம் நுரைக்கு அத்தனை அழகாகத் தெரிந்தது. அம்மாவுக்கு என்ன சொல்லி அனுப்பலாம் என்பது வரைக்கும் மனசு ஓடிவிட்டது.

"ஆனா அண்ணே, மேடம் நோட்டுல எழுதியிருக்காங்களே. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. பதிமூணுல செத்துப்போன பொடி பதினாலுல எப்படிப் பொழைச்சுதுன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க."

"பதில் கிடைக்காதே."

"கிடைக்காது. தேடிக்கிட்டே இருப்பாங்க."

"எத்தனை நாளைக்கு?"

பியூஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அந்தம்மாவைப் பத்தி எனக்குத் தெரியும். ஓய்வு பெறுற வரைக்கும்."

நுரை கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள். சில்லு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒருவர் அந்தப் பச்சையையே வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். காரணம் தெரியாமல் இவளே மூன்று நிமிஷம் தாங்கவில்லை.

"நான் சொல்லிடறேன் அண்ணே."

"யோசிச்சுக்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"யோசிச்சா சொல்ல மாட்டேன். அதான் இப்பவே போறேன்."

மேடம் திரும்பி வந்து கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். மணி இரண்டேகால். திரையில் அறிக்கை. நுரை மேசையின் ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள், முதலில் சிவப்புத் தண்ணீர் நின்ற சோதனைக் குழாய், அப்புறம் பழைய துண்டு. துண்டைப் பிரித்தாள்.

மேடம் சில்லுகளைப் பார்த்தார். பேனா வாய்க்குப் போகவில்லை.

"திங்கக்கிழமை கழுவும்போது உடைஞ்சிடுச்சு மேடம். பயந்துட்டேன். பரண்ல இருந்த கண்ணாடிக் குழாயை மாட்டிட்டேன். அதுதான் இப்பவும் உள்ள இருக்கு. பொடி களைக்கலை மேடம். சாயம் பொடிமேல ஒட்டிக்கிட்டு அப்படியே இருக்கு. சோடா உப்புல கழுவினா திரும்ப வருது, பாருங்க. பச்சைத் தகட்டுல வச்சுப் பார்த்தேன். கண்ணாடி கறுப்பாத் தெரியுது, இது தெரியவே இல்லை."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க வராது என்று அவளுக்குத் தெரியும்.

மேடம் சோதனைக் குழாயை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். "எவ்வளவு பொடி போட்டே?"

"ஒரு சிட்டிகை."

"சிட்டிகைன்னு ஒரு அளவு கிடையாது. வெறும் தண்ணியில குலுக்கிப் பார்த்தியா?"

"இல்லை மேடம்."

"பார்த்திருக்கணும்." எழுந்தார். கறுப்புப் பெட்டியிடம் போனார். துளையில் கண்ணை வைத்தார். பின்னாலேயே போன நுரைக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு அசையவே இல்லை. பிறகு ஒரு கை மட்டும் பின்னால் நீண்டது. "அந்தப் பெரிய சில்லைக் கொடு." கொடுத்தாள். "பீக்கர் ஒண்ணு." கொடுத்தாள். "உன் மூக்குக்கண்ணாடி."

"அதையும் பார்த்துட்டேன் மேடம். கறுப்பு."

முதுகு லேசாகக் குலுங்கியது. சிரிப்புதான். ஆனால் திரும்பினபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"நாலு நாள். நாலு நாளா என்னை முட்டாளாக்கி வச்சிருந்தே. பொடி கம்பெனிக்காரன்கிட்ட எப்படிப் பேசினேன் தெரியுமா? அவன் அழாத குறை. உடைஞ்சா உடைஞ்சுதுன்னு சொல்ல வாய் இல்லையா? குழாய் உடையும். நானே ரெண்டு உடைச்சிருக்கேன். சொல்லாம இன்னொண்ணை மாட்டி வச்சே பாரு, அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. நான் தேடாத ஒரே இடத்துல போய் ஒளிச்சு வச்சிருக்கே."

நுரை தலையைக் குனிந்தபடி நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைக்கவும் பயமாக இருந்தது.

"அழறதை அப்புறம் வச்சுக்க. பியூஸ்," என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தார், "ஒட்டுக் கேட்டது போதும். ஸ்பேரை எடுத்துட்டு வாங்க."

"எந்த ஸ்பேர் மேடம்?" என்றார் பியூஸ், கையில் ஸ்பேரை வைத்துக்கொண்டு.

குவார்ட்ஸ் குழாயை மாட்டினார்கள். மாட்டுவதற்கு முன்னால் நுரை ரப்பர் விரிப்பைக் கொண்டுவந்து விளிம்பில் போட்டாள். யாரும் சொல்லவில்லை, அவளே போட்டாள். சிவந்த பொடியைத் திரும்பத் தொட்டியில் சேர்த்து, சாயமே இல்லாத சுத்தத் தண்ணீரை ஊற்றச் சொன்னார் மேடம். கலக்கி சுற்றியது. தண்ணீர் இளஞ்சிவப்புப் பாலாக மாறியது. மணி மூன்று.

"என்ன ஆகும்னு நினைக்கிறே?"

"பல்லு முளைச்சா, ஒட்டினதையெல்லாம் கடிக்கும். வெளுக்கும்."

"முளைக்கலைன்னா?"

"முளைக்கலைன்னா நான் சொன்னது தப்பு. நாலு மணிக்கு அறிக்கையை அனுப்பிடுங்க."

மேடம் விளக்கைப் போடச் சொன்னார். தொட்டியைச் சுற்றி மறைப்பை இறக்கினார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டியின் அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்து ஒரு சின்னக் குடுவையில் பிடித்து, மேசையில் வரிசையாக வைத்தாள் நுரை. முதல் குடுவை இளஞ்சிவப்பு. இரண்டாவதும் அதேதான். மூன்றாவதைப் பக்கத்தில் வைத்தபோது வித்தியாசம் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பியூஸ் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

"அது உங்க பியூஸ் போனது" என்றார் மேடம்.

நான்காவதில் சந்தேகம் இல்லை. சிவப்பு தோற்றுக்கொண்டிருந்தது. மேடம் கணினியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மணி மூன்றே முக்கால். எழுந்து போகவில்லை. ஆறாவது குடுவை பால். எட்டாவது குடுவை, போன வாரத்து மாவு வெள்ளை. நாலு மணி எப்போதோ தாண்டியிருந்தது, யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"வெளுத்திருச்சு" என்றார் பியூஸ்.

மேடம் நுரையின் பக்கம் திரும்பினார். "வெளுத்திருச்சா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். திங்கட்கிழமை தெளிந்த தண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது. நீலமாக எரிந்த விளக்கு ஞாபகத்துக்கு வந்தது. கண்ணால் பார்த்து நிம்மதியானது இந்த வாரத்துக்குப் போதும்.

"தெரியலை மேடம். சோடா உப்புல கழுவிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

இந்தத் தடவை தராசில் நிறுத்துப் போட்டாள். ஒன்றில் சோடா உப்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். குலுக்கினாள், வைத்தாள், காத்திருந்தார்கள். பொடி இரண்டிலும் இறங்கியது. மேலே நின்ற தண்ணீரில் இரண்டிலும் நிறம் என்று ஒன்றும் இல்லை. மேடம் அதையும் நம்பாமல் நிறம் அளக்கிற கருவியில் வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் நாற்காலியில் சாய்ந்தார்.

ஆய்வு நோட்டைத் திறந்து நுரையின் பக்கம் தள்ளினார். "பத்தாவது ஓட்டத்துக்கு மேல இடம் இருக்கு. நீயே எழுது. என்னைக்கு உடைஞ்சது, எதை மாட்டினே, இன்னைக்கு என்ன பார்த்தே. பூசி மெழுகாதே."

எழுதினாள். கையெழுத்து கோணலாக வந்தது. 'பயத்தால் சொல்லவில்லை' என்று எழுதலாமா என்று கேட்டாள். அது பொடிக்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் உண்மை, எழுது என்றார் மேடம்.

அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே இடதுபக்க இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. நுரை நிமிரவில்லை. பேனா ஓடுகிற சத்தம், நின்றது, திரும்ப ஓடியது. படிவம் அவள் முன்னால் வந்து விழுந்தது. கடைசியில் கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே, 'குறைகள் ஏதாவது இருந்தால்' என்ற இடத்தில், மற்ற எல்லோரும் ஒரு கோடு போட்டுவிடுகிற இடத்தில், மேடம் எழுதியிருந்தார்: 'பொருள் உடைந்தால் உடனே சொல்வதில்லை. நான்கு நாள் ஆகிறது. ஆனால் சொல்லும்போது காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டு வந்து சொல்கிறாள்.'

"மேடம், இதைப் பார்த்துட்டு அலுவலகத்துல..."

"என்ன பண்ணுவாங்க? கையெழுத்து கீழ இருக்கில்ல. நாளைக்குக் காலையில சீக்கிரம் வா. ஆலைக்காரங்க எதிர்ல பதினாலாவது ஓட்டம். குடுவை பிடிக்கிறது நீதான்." போனை எடுத்தவர் பெருமூச்சு விட்டார். "இப்ப நான் பொடிக்காரன்கிட்ட மன்னிப்பு கேக்கணும். ரெண்டு பேரும் வெளியில போங்க."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வெயில் இன்னும் இருந்தது. போனில் அம்மாவின் குரல் வந்து கிடந்தது. "பாப்பா, நாளைக்கு வெள்ளிக்கிழமை. கையெழுத்து ஆச்சா இல்லையா? எனக்கு இங்க இருப்புக் கொள்ளலை."

நுரை வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். "ஆச்சும்மா. சாப்பிட்டேன். அதை விடு, இதைக் கேளு. நம்ம வீட்டு ஜன்னல் கண்ணாடி இருக்கில்ல, அதுக்குள்ள வெளிச்சம் வருதுன்னு நீ நினைக்கிறேல்ல? எல்லா வெளிச்சமும் வர்றதில்லைம்மா."

அனுப்பினாள். பிறகு பஸ் ஜன்னலில் விரலை வைத்து, அதன் வழியாக வெயில் கையில் விழுவதைப் பார்த்தாள். சூடு தெரிந்தது. இதில் எது வருகிறது, எது வாசலில் நிற்கிறது என்று யோசித்தாள். கறுப்புப் பெட்டியில் வைத்துப் பார்க்க ஒரு தகடு மிச்சம் இருக்கிறது. நாளைக்குக் காலையில் மேடம் சீக்கிரம்தான் வரச் சொல்லியிருக்கிறார்.